ஓவர்

முசாஃபா யார்டில் முதல் வாரம்
நீலச் சட்டைக்கு ஓவரால் என்றார்கள்.
எட்டு மணி நேரம் தாண்டினால் ஓவர்டைம்.
பாரம் கூடினால் ஓவர்லோடு, கிரேன் கத்தும்.
தீர்த்த பகதூருக்கு விசா முடிந்து ஒன்பது மாதம்:
அது ஓவர்ஸ்டே,
அதை மட்டும் மெதுவாகச் சொல்லுவார் உம்மர்குட்டி ஃபோர்மேன்.

ஊரில் நான் அறிந்த ஓவர் ஆறு பந்து.
அப்புறம், "ஓவராப் பேசாதே."

வாக்கிடாக்கி கொடுத்த அன்று
"மெல்ல எறக்கு, ஓவர்" என்றது கீழிருந்து ஒரு குரல்.
முடிந்தது போல என்று
எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.
குழாய்க்கட்டு அந்தரத்தில் ஆடுகிறது.
அன்று வாங்கிய வசவு எல்லாம் மலையாளம்.
கடைசியில் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:
"ஓவர்னா தீர்ந்நூன்னு இல்லடா.
ஞான் நிறுத்தி, இனி நீ பறை."

நேற்றோடு ஓவர்டைம் கிடையாதாம்.
ராத்திரி அமலோற்பவத்திடம் சொன்னேன்,
பணம் குறையும்,
காங்கிரீட் அடுத்த வருஷம்தான்,
லீவும் அப்படித்தான்.
சொல்லிவிட்டுப் பழக்க தோஷத்தில்
"ஓவர்" என்றேன்.

"எது?" என்றாள்.

பிறகு அந்தப் பக்கம்
ஃபேன் சத்தம் மட்டும்.
பொத்தானை விட்ட விரலோடு
போனைக் காதில் வைத்திருக்கிறேன்.