முன்பக்கம்

விதிமுறையில் ஒரு வரிதான் எங்களைக் கொன்றது:
ஒரே மோட்டார், சக்கரம் கூடாது.
ஆறு மீட்டர் மணல், நடுவில் மூன்று படி,
கடைசியில் ஒரு டம்ளர்.
சுமந்து வந்த எலுமிச்சையை அதற்குள் போட வேண்டும்.
மணல் என்றால் வைகை மணல் இல்லை,
எம்-சாண்ட்.
யாரும் ஏதும் கேட்டுவிடக் கூடாதென்று
லாரி ரசீதையே நுழைவாயிலில் ஒட்டியிருந்தார்கள்.

எங்களுடையதற்கு எட்டுக் கால்.
மினிபஸ்ஸில் கழற்றிய வைப்பர் மோட்டார்,
சிம்மக்கல்லில் எடைக்கு வாங்கிய அலுமினியப் பட்டை,
ரீஃபில் குழாயை நறுக்கிச் செருகிய புஷ்.
ரியாசுதீன் அட்டையில் வெட்டி, குண்டூசி குத்தி
கிராங்கைச் சுற்றிக் காட்டியபோது
பென்சில் முனை ஒரு வளைவு போட்டது.
கீழே தட்டை, மேலே கூன்,
கவிழ்த்த தோணி மாதிரி.
ஒரு கால் எப்படி நடக்கிறது என்று
அதுவரை நான் யோசித்ததே இல்லை.
அன்று சாயங்காலம் டவுன்ஹால் ரோட்டில்
போகிறவர் வருகிறவர் முழங்கால்களையே பார்த்துக்கொண்டு
ஒரு கொய்யாப்பழ வண்டியில் போய் முட்டினேன்.

துளை போட்டது ஒச்சம்மாள்.
இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போட்டுவிட்டாள்.
எட்டுப் பட்டையையும் ஒன்றாக அடுக்கிப் போட்டதில்
எட்டிலும் அதே தப்பு, ஒற்றுமையாக.
திட்ட நேரமில்லை. அவளும் அழவில்லை.
"ஓட்டித்தான் பாப்பமே" என்றாள்.

ஓடியது.
மணலில் மூக்கைக் குத்தியது.
தூக்கிவிட்டோம், குத்தியது.
ஒன்பது மணிக்கு மேல்
ஒர்க்‌ஷாப் காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு
கதவருகே நின்ற அவசரத்தில்
பேட்டரி வயரை மாற்றிச் செருகியது நான்.
சிவப்பில் கறுப்பு.

பின்னால் நடந்தது.
கடைக்குப் போய் பால் வாங்கி வருகிற ஆள் மாதிரி,
பதறாமல்.
படியைக் காலால் தடவிப் பார்த்து
ஏறி, இறங்கி,
காவலாளியின் செருப்பில் போய் நின்றது.
அவர் மட்டும்தான் சிரித்தார்.

ரியாசுதீன் விதிமுறைத் தாளை எடுத்து
செல்போன் வெளிச்சத்தில் முதலிலிருந்து படித்தான்.
முன்பக்கம் எது என்று
எங்கேயும் போடவில்லை.

எலுமிச்சைக் கிண்ணத்தை அந்தக் கோடிக்கு மாற்றினோம்.
அணி எண் ஸ்டிக்கரை உரித்து
அந்தப் பக்கம் ஒட்டினாள் ஒச்சம்மாள்.
இருபத்து மூன்றில்
மூன்றின் வால் கிழிந்து போனது.

மறுநாள் நடுவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.
"ஏம்மா, இது திரும்பி நிக்குதே?"
"இல்ல சார், இதுதான் முன்னாடி."
பொய் இல்லை.
நேற்று இரவு ஒன்பதரையிலிருந்து
அதுதான் முன்னாடி.

மணலைக் கடந்தது. படி மூன்றும் ஏறியது.
எலுமிச்சை டம்ளர் விளிம்பில் தட்டி
ஒரு நொடி யோசித்து
வெளியே விழுந்தது.
நான்காம் இடம். பரிசு மூன்று வரைக்கும்தான்.
விருதுநகர்ப் பையன்களின் நண்டு ஜெயித்தது,
ஜெயிக்க வேண்டிய நண்டுதான்.
அந்த எலுமிச்சையைத் தண்ணீர் பாட்டிலில் பிழிந்து
உப்பில்லாமல் மூவரும் குடித்தோம்.

ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ்.
ஒச்சம்மாள் மடியில் அட்டைப்பெட்டி,
அதற்கும் ஒரு டிக்கெட்.
வண்டி ரிவர்ஸ் எடுக்கிறது.
கண்டக்டர் பின்னால் நின்று
தகரத்தைத் தட்டித் தட்டிச் சொல்கிறார்:
வரட்டும்… வரட்டும்… வரட்டும்…