மீன் தராசில் நிறுத்தவை

காசிமேட்டில் இரவல் வாங்கிய தராசு.
தட்டில் இன்னும் இரண்டு செதில் ஒட்டியிருக்கிறது.
முன்சக்கர பேரிங் ஒரு செட், ஒன்றே கால் கிலோ.
"சின்ன சைஸ் வஞ்சிரம்" என்று சொல்லி
மெர்வின் எழுதிக்கொள்கிறான்.

நள்ளிரவு தாண்டியாயிற்று. கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
அது திறப்பதற்குள்
ஒரு கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிவிடலாம்.
சந்தில் பழைய தேர்தல் பேனரை விரித்து
அதன்மேல் எங்கள் ஜீப்பின் இரண்டாம் உடம்பைப் பரப்பியிருக்கிறோம்:
கும்பிட்ட கைகளின் நடுவே டீசல் ஃபில்டர் மூன்று,
நெற்றிப் பொட்டின்மேல் கிளட்ச் பிளேட்,
வெள்ளைச் சட்டை நெடுக
ஃபேன் பெல்ட், பிரேக் ஹோஸ், கிரீஸ் தடவிய நட்டுகள்,
ஒரு ஆக்சில் ஷாஃப்ட்,
அதை எடுத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று
மூன்று நாளாகச் சண்டை.

கட்ச் உப்புவெளியில்
நூற்றிருபது கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை கிடையாதாம்.
எனக்கு அதுதான் நம்ப முடியவில்லை.
இங்கே ஒரு போல்ட் கீழே விழுந்தால்
அது உருண்டு நிற்பதற்குள்
"இன்னா சைஸு?" என்று நாலு பேர் கேட்பார்கள்.

போன ஞாயிறு எண்ணூர் முகத்துவாரத்தில்
வேண்டுமென்றே மாட்டிப் பார்த்தோம்.
டயர்க் காற்றைப் பதினாறுக்கு இறக்கினேன்,
இரும்புப் பலகை போட்டேன், ஜாக்கிக்கு அடியில்
படகுப் பட்டறையில் கிடைத்த தேக்குத் துண்டு.
கருமணல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.
"ரிவர்ஸ் போடாதக்கா" என்று ஒரு பொடியன் கத்தினான்.
கடைசியில் ஃபைபர் படகு தள்ளிவந்த நாலு பேர்
அதே கையோடு எங்களையும் தள்ளிவிட்டுப் போனார்கள்.
அந்த நாலு பேர் இந்தப் பட்டியலில் இல்லை.

கனமானது கீழே, பின் ஆக்சிலுக்கு முன்னே.
அவசரத்துக்கு வேண்டியது மேலே, கைக்கெட்ட.
கண்ணாடிக்கு ஸ்பேர் உண்டு எனக்கு.
மெர்வினின் இடது முழங்காலுக்குக் கிடையாது.
அதை நாங்கள் பேசவில்லை.
வலிக் களிம்பு இரண்டு டியூப் என்று எழுதி
தராசில் வைக்காமலே பையில் போட்டான்.

இரண்டு நாற்பதுக்கு
கேட் பக்கமிருந்து ஒரு குட்டியானையைத்
தள்ளிக்கொண்டு வந்தார் நூக்கராஜு.
காத்திருந்த நேரத்தில் கொதித்துவிட்டதாம்.
பின்னால் முக்கால் டன் ஐஸ்,
முன்னால் புகை கக்கும் எஞ்சின்.
நாலு மணிக்கு ஏலம். அதற்குள் போய்ச் சேரவேண்டும்.

ரேடியேட்டர் ஹோஸ் வாயோரம் கிழிந்திருந்தது.
பேனரைப் பார்த்தார் அவர்.
நாங்களும் பார்த்தோம்.

கிழிந்த முனையை வெட்டி, மிச்சத்தை இழுத்து மாட்டி,
ஹோஸ் கிளிப் ஆறில் இரண்டு போயிற்று.
எஞ்சின் ஆறும்வரை அவருடைய பீடி எரிந்தது.
பிறகு தண்ணீர்.
குழாயில் வராது, லாரி வியாழக்கிழமை.
உப்புவெளிக்கென்று நிரப்பிச் சீல் வைத்த
இருபது லிட்டர் கேனை மெர்வின்தான் திறந்தான்.
"முன்னூறு கிலோமீட்டர் தாண்டியாவது திறப்போம்னு நெனச்சேன்" என்றான்.
ரேடியேட்டர் மடக் மடக்கென்று குடித்தது.

காசு நீட்டினார். வாங்கவில்லை.
எங்கே போறீங்க என்று கேட்டார், சொன்னோம்.
"அவ்ளோ தூரம் போயி மாட்டிக்கணுமா?
இங்கயே எவ்ளோ எடம் இருக்கு" என்றவர்,
படுதாவை விலக்கி
ஒரு ஐஸ் பாளத்தைக் கொக்கியால் இழுத்துத்
தராசில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.
கேட் அப்போதுதான் திறந்தது.

ஆறை அடித்து நாலு என்று திருத்தினான் மெர்வின்.
நான் காலி கேனின் வாயைத்
தட்டின் விளிம்புக்குக் கீழே பிடித்தேன்.
பதினொன்றரை கிலோ.
எழுதட்டுமா என்றான்.
இரு என்றேன்.
முள் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.