திணை

அந்த அறையில் பேசியதைச் சொல்லக் கூடாது.
சொன்னால் சட்டம் என்னை உள்ளே வைக்கும்.
ஆகவே பிஸ்கட்டைப் பற்றிச் சொல்கிறேன்:
இஞ்சி பிஸ்கட், பன்னிரண்டு பேருக்கு ஒரு தட்டு,
மூன்றாம் நாளிலிருந்து யாரும் தொடவில்லை.
ஜன்னலுக்கு வெளியே ஷெஃபீல்ட் மழை,
மேட்டில் முனகி ஏறும் டிராம்.

நான் கண் பரிசோதிப்பவள்.
கூண்டில் நின்ற பையனின் கண்ணாடி ஓரத்தில்
கன்னம் உள்வாங்கித் தெரிந்ததை வைத்து
மைனஸ் ஆறு என்று கணித்தேன்.
ரீஸ் ஆல்டர்சன். பத்தொன்பது வயது.
டை யாரோ கட்டிவிட்டது.

சனிக்கிழமைகளில் இலவசமாக உணவு கொடுக்கும் மண்டபம்.
அதன் இரண்டு கதவுகளுக்கும் இடையே
நாற்பத்தொரு காலடி என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தான்.
அதன் கீழேயே பால், பேட்டரி, அம்மாவுக்கு இருமல் மருந்து.
அரசு வழக்கறிஞர் நாற்பத்தொன்றை மூன்று தடவை வாசித்தார்.
இருமல் மருந்தை ஒரு தடவை.

பதினொரு மாதச் செய்திகளைக் கட்டுக்கட்டாகத் தந்தார்கள்.
முதலாவது:
'நித்திரை வரவில்லை. யாராவது விழித்திருக்கிறீர்களா?'
நாலு நிமிடத்தில் பதில் வந்திருக்கிறது.
எனக்கு அந்த நாலு நிமிடம்தான் பயம்.
வேறு யாராவது முந்தியிருந்தால்,
ஒரு பேக்கரிக்காரன், ஓர் இரவு நர்ஸ்...
சரி. அப்படி யோசிக்க எங்களை அழைக்கவில்லை.

என் வேலையில் இப்படித்தான்:
ஒரு வில்லை போடுவேன், இன்னொன்று போடுவேன்,
இது தெளிவா, அது தெளிவா என்பேன்.
கால் கால் பவராக ஏற்றினால்
மாறியது யாருக்கும் தெரியாது.
முந்திய வில்லையோடுதானே ஒப்பிடுகிறார்கள்,
வந்தபோதிருந்த கண்ணோடு இல்லையே.
அவனுக்கும் யாரோ பொறுமையாக மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
முதலில் பகிடி. பிறகு சிரிப்பு வராத பகிடி.
பிறகு 'உனக்குத்தான் தெரிகிறது, மற்றவர்கள் குருடர்.'

'அவர்கள்', 'அவை' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்.
அதனால் அந்தக் கட்டுகளில் அது சத்தமில்லாமல் நடந்தது.
நான் மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டே வாசித்தேன்.
அவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.
அவர்கள் கூடிவிட்டார்கள்.
அவர்கள் பெருகுகிறார்கள் —
இங்கே விகுதி தடுக்கியது.
பெருகுவது வெள்ளம். எலி.
அவை பெருகுகின்றன.
எட்டாம் மாதம், ஒரு செவ்வாய், பின்னேரம் நாலு மணி.
அதற்குப் பிறகு வாங்கியதெல்லாம் வெறும் கடைச் சாமான்.
பக்க எண்ணைக் கோடிட்டு வைத்தேன்.
யாருக்கு விளக்குவது, இலக்கணத்தை?

இதையும் சொல்ல வேண்டும்.
கொக்குவிலில், பதினாறு வயதில்,
பள்ளிக்கூட மதிலில் இரவோடு இரவாக
அப்படி ஒரு வசனம் நானும் எழுதினேன்.
எழுத்துப்பிழை இல்லாமல்.
இரண்டு சினேகிதிகள் டோர்ச் பிடித்தார்கள்.
அவ்வளவு சந்தோஷமாகப் பிறகு நான் இருந்ததில்லை.
ஆறு வாரமும் நீதிமன்றத்தில் யாரும்
அதை மட்டும் கேட்கவில்லை,
அந்தச் சந்தோஷத்தை.

தீர்ப்பு நாளன்று அவன் தண்ணீர் குடித்தான்.
'அது தண்ணி குடிக்குது'
என்றது எனக்குள் ஒரு குரல்.
குழந்தையையும் நாங்கள் அது என்போம்தான்.
இது அந்த அது இல்லை.
எங்கள் தலைவி எழுந்து 'குற்றவாளி' என்றபோது
நான் ஒரு விகுதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.
அவன் குற்றவாளிதான். சந்தேகமில்லை.
அவன்.

அடுத்த சனி அந்த மண்டபத்துக்குப் போனேன்.
கதவிலிருந்து கதவுக்கு எண்ணி நடந்தேன்.
முப்பத்தாறு.
அவன் என்னைவிட ஒரு முழம் உயரம்.
இன்னும் குறைவாக அல்லவா வந்திருக்க வேண்டும்.
திரும்பவும் முதல் கதவுக்கு வந்தேன்.
வரிசையில் நிற்கிறேன் என்று நினைத்து
முக்காடிட்ட பெண்ணொருத்தி
உருளைக்கிழங்குப் பையை நீட்டினாள்.
கனமாக இருந்தது.
இல்லையென்று நான் சொல்லவில்லை.