பக்கத்தால் வருவது

சாம்பல்தீவுக்கு அப்பால், தாழையடி ஓடையில்
பாலத்துக்கு மேலே எடுத்த நீரில் நாற்பது.
முந்நூறு யார் கீழே, துவைக்கும் கல்லடியில்
எண்ண முடியாமல் தட்டெல்லாம் மஞ்சள் புள்ளிகள்.
இடையில் வடிகால் இல்லை, குழாய் இல்லை.
மூன்று மாதமாய் நான் எழுதியது: மாடுகள்.

அசனார் கந்தோருக்கே வந்துவிட்டார்.
"என்ர மாடு பாலத்துக்கு மேலதானே சேர் குடிக்குது?"

ஐஸ்பெட்டியோடு திரும்பவும் போனேன்.
வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்த
தங்கநேசம் மண்வெட்டியை ஊன்றினாள்:
"மேலயிருந்து வாறதை மட்டுமோ அளக்கிறியள்?
பக்கத்தால வாறதை ஆர் அளக்கிறது?"

அவளிடம் வரைபடம் இல்லை.
யார் மோட்டரைப் போட்டால்
யார் கிணறு இறங்கும் என்று தெரியும்.
மார்கழி வெள்ளம் வற்ற
எது முதலில் கலங்கும், எது கடைசியில் தெளியும்,
எந்த வாளியில் சித்திரையில் உப்புக் கரிக்கும்.
கீறிக் காட்டச் சொன்னேன்.
பெருவிரலால் மணலில் இழுத்தாள்.
கோடுகள் சரிந்து சரிந்து
ஓடைக்கரைத் தாழம்புதர் ஒன்றில் போய் விழுந்தன.

"சப்பாத்தைக் கழட்டுங்கோ."

பங்குனி மத்தியானம்.
ஓடை கன்னியாக் கிணற்றுச் சூட்டில் கிடந்தது.
பத்தடி, இருபதடி,
திடீரென்று கணுக்காலில் குளிர்,
கீழிருந்து ஆரோ பிடித்தது போல.
அங்கே மணல் துருநிறம்.
சிரட்டையால் தோண்டினாள்.
ஊறியதைப் போத்தலில் பிடித்தேன்.

ஒரு பகல், ஓர் இரவு, நாற்பத்துநாலு பாகை.
தட்டு மஞ்சள்.

சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை.
கோட்டைப் பின்னோக்கி நடந்தாள்
ஓடையிலிருந்து வேலிக்கு, வேலியிலிருந்து வளவுக்கு,
நின்றாள்.
நீலக் கதவு.
கட்டிக்கொடுத்த நிறுவனத்தின் பெயர்த்தகடு.
அவளுடைய கக்கூஸ்.

முகாமில் ஆறு வருஷம் வாளியோடு வரிசையில் நின்றவள்.
உள்ளே கொண்டி போட ஒரு கதவுக்காக
எத்தனை விண்ணப்பம்.

"அஞ்சு வளையம் இறக்கினவங்கள்.
நாலிலேயே தண்ணி கண்டது.
நான் வாய் திறக்கேல்ல.
திறந்தா, மூடிப்போட்டுப் போயிருப்பாங்கள்."

படிவத்தை முழங்காலில் வைத்து
முதலில் மாடுகளை வெட்டினேன்.
பேனை அதற்குமேல் நகரவில்லை.

"எழுதுங்கோ" என்றாள்.
"நிலத்துக்கு மேல உயர்த்திக் கட்டித் தரவேணுமெண்டும் எழுதுங்கோ.
கதவு இதே கதவு.
அந்தப் பெட்டிக்குள்ள இடம் காணாட்டி
பக்கத்தால எழுதுங்கோ."