ஓர் எழுத்துக் குறைந்த கல்

காலைச் சவாரி ஒன்பதுக்கு முடியும்.
பகல் சவாரி இரண்டு மணிக்கு.
நடுவில் கிடக்கும் ஐந்து மணி நேரத்தை
ஷெரிடனில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்கள்
தூக்கத்திலோ சீட்டிலோ கரைப்பார்கள்.
நான் அரை முழத் தோல் வாங்கினேன்.

பெட்டிக்குள் ஏழு முத்திரைகள், ஒரு சுழல்கத்தி,
ஒரு கொட்டாப்புளி.
கல் இல்லை.
சமையல் மேடையில் வைத்து அடித்தேன்.
தோல் துள்ளியது, முத்திரை துள்ளியது,
கீழ்வீட்டு ஸ்குடெரோ அம்மாள்
துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடித்தாள்:
என் அடிக்கு அவள் அடி,
தாளம் பிசகாமல்.

கல் வேண்டும். கனமாக, மட்டமாக.

ரயில் பாதைக்கு அப்பால்
கல்லறைக்கற்கள் செதுக்கும் டெல்மர் ஹௌகன்
வீணானவற்றைக் கொட்டகைக்குப் பின்னால்
பனியில் சாய்த்து வைத்திருந்தான்.
"பத்து டாலர். கவிழ்த்துப் போட்டுக்கொள்."
வண்டிக்குத் தூக்கி வரும்போது
கல்லின் அடியில் என் விரல்கள் படித்தன:
ரண்டல் ஓஸ்ட்பி.
இரண்டு எல் வரவேண்டிய கடைசியில்
ஒன்றே ஒன்று.

அந்த மனிதர் எங்கோ
சரியான கல்லின் கீழ் முழுப்பெயரோடு உறங்குகிறார்.
பிழை மட்டும் என் மேசைக்கு வந்தது,
முகம் கீழே.

பஞ்சால் ஈரம் தொட்டால் தோல் கறுக்கும்.
உடனே கத்தியை எடுக்கக் கூடாது.
காத்திரு. பழைய நிறம் திரும்பட்டும்.
ஆனால் கன்னத்தில் வைத்தால்
இன்னும் குளிர வேண்டும்.
அந்தக் குறுகிய பொழுதுதான்.
முந்தினால் சேறு, பிந்தினால் மரக்கட்டை.

ஈரத்தோல் மேல் காகிதக் கவ்வியை மறந்து வைத்தேன்.
காலையில் அது இல்லை, அதன் கறுப்பு உருவம் இருந்தது.
இரும்பும் ஈரத்தோலும் சேரக் கூடாதென்று
அந்தக் கறைதான் சொல்லிக் கொடுத்தது.

ஆள்காட்டி விரல் கத்தியின் கொண்டை மேல்,
கட்டைவிரலும் நடுவிரலும் உடலைச் சுழற்ற,
சுண்டுவிரல் தோலில் ஊன்ற,
தன்னை நோக்கி இழுக்க வேண்டும்.
நாற்பது அடி வண்டியைப்
பனிச்சறுக்கில் திருப்பத் தெரிந்த கை
ஓர் இதழின் வளைவில் தடம் புரண்டது.
காட்டு ரோஜாவின் குறுக்கே
காம்பு வரை ஒரு கீறல்.

நீர்மேல் எழுத்தென்றால் போய்விடும்,
கல்மேல் எழுத்தென்றால் நிற்கும்.
தோல்மேல் எழுத்து
நீராகத் தொடங்கிக் கல்லாக முடிகிறது.
அதுதான் பயம்.

மறுநாள் டெல்மரிடம் கேட்டேன்:
அந்த எல் விட்டுப்போனது தெரிந்ததும்
என்ன செய்தாய்?
யோசித்தான்.
"சாப்பிடப் போனேன்."

நானும் போனேன்.
முட்டை, ரொட்டி, ஒரு குவளை காபி.
திரும்பி வந்து
கீறலின் ஒரு பக்கம் மட்டும் சரிவு முத்திரையை வைத்து
அரை முத்திரை அகலம் நகர்த்தி, அடித்து,
நகர்த்தி, அடித்து,
ஒரு பக்கம் தாழ மறுபக்கம் தானாக எழுந்தது.
கீறல் இருந்த இடத்தில் ஒரு விளிம்பு.
எதன் விளிம்பு என்றுதான் தெரியவில்லை.
கீழிருந்து ஸ்குடெரோ அம்மாள் இடிக்கவில்லை.
கல் என் சத்தத்தைக் குடித்துவிட்டது,
அல்லது அவள் ஊரில் இல்லை.

வண்டிச் சாவியில் அதைத் தொங்கவிட்டேன்.
மூன்றாம் நிறுத்தத்தில் ஏறும் வேலன் என்கிற சிறுமி,
முன்பல் இரண்டும் இல்லாதவள்,
படியில் நின்று பார்த்தாள்.
"ஆமையா?"

பின்னால் ஒன்பது பேர் குளிரில் நின்றார்கள்.
கீறலைப் பார்த்தேன். ஓட்டின் விளிம்பு.
இதழ்கள் நான்கும் கால்கள்,
காம்பு, நீட்டிய கழுத்து.

ஆமைதான், ஏறு என்றேன்.
மாலையில் தோலை நனைத்து வைத்தேன்,
இன்னொரு ரோஜாவுக்கு.
இன்னும் நிறம் திரும்பவில்லை.