ஒரு நெடில், இரண்டு குறில்

பொத்தானை அழுத்தினேன்.
விசிறி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது.
திரை மட்டும்
கிளைபேடாவின் ஜனவரி மாதிரி
நாலு மணிக்கே இருண்டு கிடந்தது.

பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம்:
ஒரு நெடில், இரண்டு குறில்.
மறுபடி அழுத்தினேன். அதே சீர்.
பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினேன்.
துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன் நான்,
அங்கே தட்டினால் சில கேட்கும்.
இது கேட்கவில்லை.

காலை பத்து மணிக்குக் குடியிருப்புக் கூட்டம்.
முப்பத்தாறு வீடு, ஒரே கூரை.
கூரைக்கென்று சேர்த்த பணத்தின் இரண்டு வருடக் கணக்கு
இந்தப் பெட்டிக்குள்.
நகல் எடுத்து வை என்றாள் மகள்.
எடுத்து வைத்திருக்கிறேன்,
இதே பெட்டிக்குள், இன்னொரு பெயரில்.

போன கூட்டத்தில் மூன்றாம் மாடி ஜெனோவைதே
எழுந்து நின்று சொன்னாள்:
"அறுபத்து மூன்று யூரோ உதைக்கிறது, ரிம்காவுதஸ்."
அதற்குப் பிறகு படிக்கட்டில் நாங்கள்
ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நடக்கிறோம்.
பெட்டி திறக்கவில்லை என்று நாளை சொன்னால்
யார் நம்புவார்கள்?
நானாக இருந்தால் நம்ப மாட்டேன்.

மணி பதினொன்று. கதவு தட்டும் ஓசை.
கம்பளிச் செருப்பு, இரவு உடைமேல் கோட்டு, கையில் திருப்புளி.
"ஒரு மணி நேரமாக உன் பெட்டி அழுவது
ஹீட்டர் குழாய் வழியே என் தலையணைக்கு வருகிறது.
ஒரு நீளம், இரண்டு கட்டை. வீடியோ கார்டு அது.
அடிப்பதை நிறுத்து."

ஷவுலேயில், தொலைக்காட்சித் தொழிற்சாலையில்
பதினெட்டு வருடம் ஈயம் பற்றவைத்தவள்.
முதலில் மின்கம்பியைப் பிடுங்கினாள்.
பிறகு ஹீட்டர் குழாயில் வர்ணம் உரிந்த இடத்தைத் தொட்டாள்.
உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்றாள்.
அவளிடம் நிறைய இருந்தது, எனக்குத் தெரியும்.

மூடியைக் கழற்றினால்
ஒரு பூனை அளவுக்குத் தூசி.
பூனை வளர்க்கிறாயா என்றாள்.
இல்லை.
கார்டை உருவி, அதன் பொன் பற்களைப்
பேரனின் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தாள்
பிழை எழுதிய இடத்தை அழிப்பதுபோல்,
ஊதி, மறுபடி தேய்த்து.
நான் டார்ச் பிடித்தேன்.
"இங்கே," என்றாள். "இங்கே. என் மூஞ்சியில் இல்லை."

வட்ட பாட்டரியை நகத்தால் நெம்பிப் பார்த்தாள்.
"இது செத்து வெகு நாளாச்சு.
இந்நேரத்துக்குக் கடை ஏது, கிடக்கட்டும்."
கார்டைத் துளையில் வைத்து இரு கட்டைவிரலால் அழுத்தினாள்.
க்ளக்.

அழுத்து என்றாள். அழுத்தினேன்.

ஒரு குறில்.

அவ்வளவுதான், ஒரே ஒரு குறில்.
திரையில் வெள்ளை எழுத்து:
கடிகாரம் தவறியிருக்கிறது, தொடர எஃப் ஒன்றை அழுத்தவும்.
எனக்கு முன் அவள் விரல் அழுத்தியது.

கணக்கைத் திறந்தேன்.
திறக்காமல் என்ன செய்ய, பக்கத்தில் நிற்கிறாள்.
அக்டோபர். தார்க்காகிதம், ஆணி.
ரசீதில் நானூற்றுப் பதினெட்டு.
நான் ஏற்றியது நானூற்று எண்பத்தொன்று.
அவள் அதை முதலிலேயே பார்த்துவிட்டாள்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கியதில்
எனக்குத் தெரிந்தது.

பிஸ்கட் டப்பாவில் மிஞ்சிய அறுபத்து மூன்றை
என் சில்லறை என்றுதான் நினைத்தேன்.
நினைத்துத்தான் பூட்ஸ் வாங்கினேன்.
வாசல் மூலையில் நிற்கின்றன,
பனி உருகி, கீழே சிறு குளம்.

அவள் அந்தக் குளத்தைத் தாண்டிப் போனாள்.
"விசிறிக்கு எண்ணெய் போடு," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

எண்ணைத் திருத்தினேன்.
பர்ஸிலிருந்து அறுபது எடுத்து டப்பாவில் போட்டு
மூன்றுக்காகக் கோட்டுப் பைகளைத் துழாவினேன்.
மேஜையில் ரப்பர், ஓரமெல்லாம் கறுத்து.

சேமித்தேன். கோப்பின் மேல் தேதி விழுந்தது:
இரண்டாயிரத்து ஐந்து, ஜனவரி ஒன்று.

போன அக்டோபரில் வாங்கிய ஆணிக்கு
அத்தனை வருடம் முன்பே கணக்கு.
நாளை அதற்கும் ஒருத்தி எழுந்து நிற்பாள்.