மூன்று விநாடி

சோக்காய்ரே பள்ளியில் அன்று நாங்கள் பதினாலு பேர்.
சாந்தியாகோவிலிருந்து வந்தவர்கள்
டீச்சரின் மேசைமேல் ஒலிவாங்கியை வைத்து,
"பதினொரு ஒளியாண்டு தள்ளி ஒரு விண்மீன்,
அதற்கு உங்கள் பெயரைச் சொல்லுங்கள்" என்றார்கள்.
பாஸ்குவால் பெயரோடு கால்பந்து அணியையும் சொன்னான்.
நிதியா தன் நாயின் பெயரைச் சொன்னாள்.
எனக்கு ஒன்பது வயது.
பதிவேட்டில் இருந்த பெயர் நாக்கு நுனிவரை வந்தது,
வாயில் வைத்த ஆணி போல.
விழுங்கிவிட்டு நின்றேன்.
மூன்று விநாடி.
"அடுத்தது" என்றார் டீச்சர்.
வெட்டி எறிய யாருக்கும் நேரமில்லை.
அந்த மௌனத்தையும் சேர்த்தே அனுப்பிவிட்டார்கள்.

பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை
காலாமாவுக்கு மூன்று மணி நேர பஸ், இடுப்பில் ஊசி,
திரும்பும் வழியெல்லாம் வெயிலில் பல்லிளிக்கும் உப்புவெளி.
குரல் உடைந்த வருஷம்
ஐயாயிரம் மீட்டர் உயரத்தில், ஆண்டெனாக்களின்
குளிர்விப்பான் பழுதுபார்க்கச் சேர்ந்தேன்.
மூக்கில் ஆக்சிஜன் குழாய்.
அங்கே எல்லாருக்கும் குரல் கரகரதான்,
ஒருவரும் கவனிக்கவில்லை.
அம்மா மட்டும் போனில் "யாரு?" என்றாள்.
"நான்தான்."
கொஞ்ச நேரம் கழித்து,
"சாப்பிட்டாயா?"
அந்தக் கொஞ்ச நேரத்தை
நான் இன்னும் அளந்து முடிக்கவில்லை.

இருபத்திரண்டாம் வருஷத்து ஆகஸ்டில்,
பனிப்புயல் ஓய்ந்த ஓர் இரவு, பதில் வந்தது.
பதிமூன்று குரல்கள் போனபடியே திரும்பின,
மலையில் மோதித் தெறித்த மாதிரி.
நிதியாவின் நாய் செத்துப் பல காலம்.
பெயர் மட்டும் நேற்றுத்தான் வைத்ததுபோல் இருந்தது.
விஞ்ஞானிகள் அழுதார்கள்.
ஷாம்பெயின் அந்த உயரத்தில் பாதி நுரையாகவே போயிற்று.

பதினாலாவது இடத்தில் மட்டும் கோளாறு என்றாள் இங்கபோர்க்.
மூன்று விநாடி இருந்த இடத்தில்
பதினொரு நிமிஷம்.
வெறும் இரைச்சல்கூட இல்லை.
யாரோ அலைவரிசையைப் பெருக்கித் துடைத்து
நாற்காலி போட்டு வைத்த மாதிரி
அவ்வளவு சுத்தம்.

"பேசாத சிறுமி எங்கே?" என்று பத்திரிகைகள் தேடின.
பாஸ்குவால் இப்போது சுற்றுலா ஜீப் ஓட்டுகிறான்.
நிருபர் அவனிடமும் கேட்டிருக்கிறார்.
"எங்க வகுப்பில அப்படி ஒரு சிறுமி இல்ல" என்று சொல்லிவிட்டு
டயரில் காற்றுப் பார்க்கக் குனிந்துகொண்டானாம்.
பொய்யொன்றும் இல்லை அது.

"கருவியில் ஏதாவதா பாரேன், எலியோதோரோ."
பார்த்தேன். அழுத்தம் சரி, ஹீலியம் சரி,
பூஜ்யத்துக்கு மேலே நாலே டிகிரி, அதுவும் சரி.
"கருவியில் ஒன்றுமில்லை."
"பின்னே?"
"காத்திருக்கிறார்கள்."
"எதற்கு?"

சொன்னேன்.
கையில் எண்ணெய்ப் பிசுக்கு, துணியைத் தேடிக்கொண்டே சொன்னேன்.
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
கடிகாரத்தைப் பார்த்தாள்.
"விடியுமுன் ஒலிபரப்பியில் நாற்பது விநாடி காலி" என்றாள்.

பதினேழு வயதில், ஊருக்கு வரும் ரொட்டி வண்டியின் கதவில்
பாதி பெயிண்ட் உதிர்ந்து கிடந்த பெயர்.
முதலாளி எப்போதோ செத்துவிட்டார்,
மறுக்க ஆளில்லை, எடுத்துக்கொண்டேன்.
வண்டி வரும் நாளெல்லாம் சூடான வாசனையோடு
என்னைக் கூப்பிட்டுக்கொண்டே போகும்.

குழாயைக் கழற்றினேன்.
"எலியோதோரோ கோல்கே."

போய்ச் சேரும்போது எனக்கு நாற்பத்திரண்டு.
பதில் வந்தால் ஐம்பத்து மூன்று,
தலையில் முடி மிஞ்சுமோ என்னவோ.
மீதி முப்பத்தேழு விநாடிக்கு ஒன்றும் தோன்றவில்லை.
மூச்சு வாங்கியது. நடுவில் ஓர் இருமல்.
அதை வெட்டட்டுமா என்று கேட்டாள் இங்கபோர்க்.
வேண்டாம், அதுவும் என்னுடையதுதான் என்றேன்.